பெண் நாயகிக்கு அனிமேஷனை மறுபடி செய்ய வேண்டுமா?

உங்கள் வீடியோ கேமில் பெண் நாயகியை வைத்தால் அனிமேஷன் வேலை இரட்டிப்பாகும் என்று அனிமேட்டர் சொன்னதாகக் கேட்டிருந்தீர்கள். மறுபடி செய்யத் தேவையில்லை. யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் ஆண் பாத்திரத்துக்குச் செய்த நடை, ஓட்டம், தாவல் எல்லாம் பெரும்பாலும் நாயகிக்கும் பொருந்தும். மாஸ் எஃபெக்ட் கேமில் ஷெப்பர்ட் என்ற முக்கியப் பாத்திரத்தை ஆணாகவோ பெண்ணாகவோ ஆடலாம்; அதில் ஆண் ஷெப்பர்டின் அசைவுகளையே பெண் ஷெப்பர்டுக்கும் நிறைய இடங்களில் பயன்படுத்தினார்கள்.

ஆணுக்குச் செய்த அசைவுக் கிளிப்பை நாயகிக்குப் போட்டதும் கை கால் கோணிக்கொள்கிறது என்கிறீர்கள். ரிக் (பாத்திரத்தின் எலும்புக்கூடு அமைப்பு) 'ஜெனரிக்' (பொது வகை) என்று இருக்கும். இரண்டு மாடல்களிலும், கிளிப் தனிக் கோப்பாக இருந்தால் அதிலும், ரிக்கை 'ஹ்யூமனாய்டு' (மனித உருவ வகை) ஆக்கி அப்ளை கொடுங்கள். அப்புறம் நடையை மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

ஏணி ஏறுவது, துப்பாக்கியை இரு கையாலும் பிடிப்பது போன்றவற்றில் தோள் அகலம் மாறுவதால் கை விலகும். அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தத்தான் வேண்டும்.

'வேலை இரட்டிப்பாகும்' என்று அனிமேட்டர் சொன்னதற்காக மட்டும் அவளைத் துணைப் பாத்திரமாக்கிவிடாதீர்கள். 2017இல் வந்த ஹொரைசன் ஸீரோ டான் கேம், ஏலாய் என்ற நாயகியோடு 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. குழுவில் இதைச் சொல்லுங்கள்.