வளவுக்குள் நாயனம்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைப் பக்கம் நாயனம், அதாவது நாதஸ்வரம், வாசிக்கிறேன். டிசம்பர் கடைசியில் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வந்ததும் செட்டியார் வீடுகளில் விருந்து தொடங்கிவிடும். பழைய வீடுகளை ஹோட்டலாக நடத்துகிறவர்களும் கூப்பிடுகிறார்கள். நாயனம், தவில், கீபோர்டு என்று மூன்று பேர் போகிறோம். போன முறை ஒரு வீட்டில் சாயங்காலம் சேர்ந்திருந்த சுருதி எட்டு மணிக்கு மேல் பிசகியது. தவில் தளர்ந்துவிட்டது. பேசவே முடியவில்லை என்று பந்தியில் இருந்தவர்கள் பாதியில் நிறுத்தச் சொன்னார்கள். மூத்த வித்வான்களிடம் கேட்டால் அந்தக் காலத்து விருந்துக் கச்சேரிக் கதைகளைச் சொல்கிறார்கள். சிரித்துவிட்டு எழுந்து வருகிறேன். என்ன செய்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கதைகளை இன்னொரு முறை கேளுங்கள். நாயனத்தின் வாயில் வைத்து ஊதும் சீவாளி காய்ந்தது, பனியில் தவில் ஊமையானது என்று அவர்கள் சிரிக்கச் சிரிக்கச் சொல்வதில் காரணமும் இருக்கும். அவர்களுக்கு அது கைப்பழக்கம் என்பதால் எடுத்துச் சொல்வதில்லை. உங்கள் மூன்று தொல்லையிலும் வாசிப்பின் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. எங்கே, எந்த நேரத்தில் உட்கார்ந்தீர்கள் என்பதுதான் கணக்கு.

முதலில் சுருதி. காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் அதில் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் குறையும். ஐந்து மணிக்கும் எட்டரைக்கும் இடையில் ஐந்தாறு டிகிரி இறங்கினால், 440 ஹெர்ட்ஸில் நின்ற சுரம் நான்கைந்து ஹெர்ட்ஸ் கீழே போகும். உங்கள் மூச்சின் சூடு அதில் ஒரு பங்கை ஈடுகட்டும், முழுவதையும் அல்ல. கீபோர்டுக்குக் குளிரும் இல்லை, வெயிலும் இல்லை. வைத்த இடத்திலேயே நிற்கும். ஆகவே சாயங்காலம் சேர்த்ததை நம்ப வேண்டாம். உட்காரப் போகும் இடத்தில் பத்து நிமிடம் ஊதி நாயனத்தைச் சூடாக்கிவிட்டு, கீபோர்டின் டியூனிங்கில் 440 என்றிருப்பதை 438, 437 என்று இறக்கி உங்களோடு சேருங்கள். இடைவேளை விட்டு எழுந்தால் மறுபடி பாருங்கள். இரண்டு கட்டைச் சுருதியில் உள்ள பாரிக்கு, அதாவது நீள நாயனத்துக்கு, கீபோர்டில் டிரான்ஸ்போஸ் இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு மூன்று. இறங்கியது நாயனம் மட்டும் என்றால் சீவாளியைச் செருகும் உலோகக் குழலான கெண்டையின் அடியில் சுற்றிய நூலில் ஒரு சுற்றைக் குறைத்து உள்ளே தள்ளிப் பாருங்கள், கொஞ்சம் ஏறும். சீவாளி ஊறி மெத்தென்று ஆகிவிட்டாலும் சுருதி இறங்கும். அதற்கு நூலைத் தொடாதீர்கள், சீவாளியை மாற்றுங்கள். ஏற்கனவே ஊதிப் பதமான நான்கு சீவாளியாவது கையில் இருக்க வேண்டும். புதிதை அன்றைக்கு அவிழ்க்கக் கூடாது.

கீபோர்டு எதற்கு என்று கேட்கத்தான் தோன்றுகிறது. சுருதிக்காக ஊதும் ஒத்து போய்ச் சுருதிப்பெட்டி வந்ததே போதாதா? வைத்தே ஆக வேண்டும் என்றால் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். தோடி, சாவேரி போல அசைவிலேயே உயிர் இருக்கும் ராகங்களில் கீபோர்டின் நிலைச் சுரம் குறுக்கே நிற்கும். மோகனம், ஹம்ஸத்வனி, சுத்த சாவேரியில் அவ்வளவு உறுத்தாது. ஆலாபனையில் கீபோர்டுக்காரர் கையை எடுத்துவிடட்டும்.

அடுத்தது தவில். வளவு என்பது முற்றமும் சுற்றுத் தாழ்வாரமும் சேர்ந்த வீட்டுப் பகுதி; அதன் நடு முற்றம் வானம் பார்த்தது. மார்கழி இரவில் பனி நேராகத் தோல்மேல் இறங்கும். ஈரம் குடித்த தோல் தளரும். முற்றத்தில் உட்காராமல் சுற்றுத் தாழ்வாரத்தில் ஓரமாக உட்காருங்கள். வாசிக்காத நேரத்தில் தவிலுக்குத் துணி உறை போட்டுவிடுங்கள். போல்ட் வைத்த தவில் என்றால் ஸ்பேனரால் எதிரெதிர் போல்ட்டாகக் கால் சுற்றுக் கால் சுற்றாக முறுக்கவும். ஒரே பக்கமாக முறுக்கினால் தோல் கோணி, வலப்பக்கமான வலந்தலையின் நாதமே மாறிவிடும். கச்சேரி முடிந்ததும் முறுக்கிய அளவு தளர்த்திவிட வேண்டும். மறந்தால் மறுநாள் வெயிலில் தோல் இறுகிக் கிழியும். விளக்குச் சூட்டில் காட்டி இறுக்குவது இன்னும் மோசம். அரை மணி நேரத்துக்கு நன்றாகப் பேசும், பிறகு முன்னைவிடத் தளரும்.

சத்தம்தான் பெரிய விஷயம். நாயனமும் தவிலும் தேரடிக்கும் நான்கு வீதிக்கும் உண்டானவை. செட்டிநாட்டு வீட்டின் சுவரோ முட்டை வெள்ளை கலந்த சுண்ணாம்புப் பூச்சு, கண்ணாடி போல வழவழப்பு. கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் தூண். எதுவும் ஒலியைக் குடிக்காது. முகப்பிலோ மூடிய ஹாலிலோ வாசித்தால் தவிலின் ஒவ்வொரு சொல்லும் இரண்டாக விழும். ஒலி வெளியேற வழியுள்ள ஒரே இடம் அந்த முற்றம். நாயனத்தின் விரிந்த வாயான அனசு முற்றத்தைப் பார்க்கட்டும், தவிலின் வலந்தலை சுவரைப் பார்க்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் ஒரு கனத்த ஜமுக்காளத்தைத் தொங்கவிடச் சொல்லுங்கள். உட்காருவதற்கும் அதுவே, வெறும் கல்லில் வேண்டாம். நாயனத்துக்கும் தவிலுக்கும் மைக் கூடவே கூடாது. கீபோர்டுக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் போதும்.

பந்தி எங்கே நடக்கிறது என்று முதலிலேயே கேளுங்கள். வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் இலை போட்டால் நீங்கள் முதல் வளவிலேயே இருங்கள், நடுவில் உள்ள கதவு பாதி வேலையைச் செய்யும். விருந்தினர் வரும்போது வாசல் திண்ணையில் பத்து நிமிடம் நாட்டை ராகம், தவில் முழு வீச்சில். அந்த வீட்டில் முழுக் குரலுக்கு உரிய இடம் அது ஒன்றுதான். இலை போட்ட பிறகு தவில்காரர் விரல் கூட்டைக் கழற்றி வெறும் விரலால் வாசிக்கட்டும், இடப்பக்கத் தொப்பியில் குச்சியும் வேண்டாம். வெறும் விரல் நோகும் என்பதால் இருபது நிமிடம் வாசித்துக் கால் மணி ஓய்வு. நீங்கள் மெல்லிய சீவாளிக்கு மாறி மந்திர, மத்திய ஸ்தாயிகளில் நில்லுங்கள். தார ஸ்தாயிக்கு ஏறினால் குறைத்து ஊத முடியாது. சினிமாப் பாட்டுக் கேட்பார்கள், கேட்கட்டும். பல்லவியும் ஒரு சரணமும் போதும். முதல் பந்தியில் உட்காரச் சொல்லி உபசரிப்பார்கள். வயிறு நிறைந்தால் மூச்சு அடியிலிருந்து வராது, உதட்டில் எண்ணெய் இருந்தால் சீவாளி வழுக்கும். கடைசிப் பந்தி என்று சொல்லிவிடுங்கள்.

பிள்ளையார் நோன்பு வீட்டுக்குப் போனால், கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தோராம் நாள் அது, இழை எடுக்கும் நேரத்தை வீட்டு ஆச்சியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தோர் இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். அப்போது வாத்தியம் கீழே இருக்கட்டும்.

மின்சாரம்: பழைய வயரிங்கில் பல இடங்களில் எர்த் இருக்காது, கீபோர்டில் உறுமல் வரும். கீபோர்டையும் ஸ்பீக்கரையும் ஒரே பலகையில் சொருகுங்கள், சீரியல் விளக்கு ஓடும் லைனில் வேண்டாம். தெருவுக்குத் தெரு நீளும் வீடு என்பதால் 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் உங்களுடையதாகவே இருக்கட்டும். வயரைத் தூணில் கட்டாதீர்கள்.

எத்தனை மணிக்கு முடிப்பது என்பதை முன்பணம் வாங்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. பின்னர் வந்த திருத்தத்தால் வாத்தியமும் அதில் அடக்கம். மைக் இல்லை, வெறும் தவில்தான் என்று சொல்லித் தப்ப முடியாது. முற்றம் திறந்த வளவை மூடிய இடம் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பண்டிகைக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை அரசு தளர்த்தலாம். புத்தாண்டு பிறக்கும் வரை வாசிக்கச் சொன்னால் அனுமதிக் கடிதத்தின் நகலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். இல்லையென்றால் ஒன்பதே முக்காலுக்கு மங்களம் பாடிவிடுங்கள்.