தார் எதுமட்டும் வந்திருக்கு?

வாசகர் கேள்வி, சாரதி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாலைவன றோட்டுகளைப் பற்றியவை. எங்கட ஆட்கள் எங்கெல்லாம் ஸ்டியரிங் பிடிக்கிறார்கள் என்பது இதிலேயே தெரிகிறது. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: என் தம்பி மேற்கு அவுஸ்திரேலியாவில் லொறி ஓடுகிறார். லேவர்ட்டன் என்ற ஊரில் இருந்து பாலைவனத்துக்குள் இருக்கிற குடியிருப்புகளுக்குச் சாமான் ஏற்றிப் போகிற வேலை. எப்போது பேசினாலும் "தார் இன்னும் வரல்ல அக்கா" என்றுதான் தொடங்குகிறார். அவ்வளவு காசுள்ள நாட்டில் ஒரு றோட்டுப் போட ஏன் இவ்வளவு காலம்?
கல்லடி வாசகி

பதில்: தம்பி ஓடுவது கிரேட் சென்ட்ரல் றோட்டாக இருக்க வேண்டும். லேவர்ட்டனில் தொடங்கி உலுரு என்ற பெரிய செம்பாறை இருக்கிற பக்கம் போய்ச் சேரும், 1,100 கிலோமீட்டருக்குக் கிட்ட. மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் கொழும்புக்குப் போனாலும் அந்தத் தூரம் வராது. இதுவும் ஒரு துண்டுதான் அக்கா. லேவர்ட்டனில் இருந்து அலிஸ் ஸ்பிரிங்ஸ் வழியாகக் குயின்ஸ்லாந்தின் வின்ரன் வரைக்கும் 2,700 கிலோமீட்டர் அளவில் 'அவுட்பேக் வே' என்று ஒரு பாதை இருக்கிறது, அதை முழுக்கத் தார் றோட்டாக்க வேண்டும் என்று பாதையோரத்து உள்ளூராட்சிச் சபைகள் 1997இல் ஒன்றுசேர்ந்து கேட்கத் தொடங்கின. பருத்தித்துறையில் இருந்து தெய்வேந்திரமுனை வரைக்கும் எங்கட தீவு 435 கிலோமீட்டர்தான், அதைப்போல ஆறு மடங்கு.

காசு இல்லாமல் இல்லை. மேற்கு அவுஸ்திரேலியா, வட பிராந்தியம், குயின்ஸ்லாந்து என்று மூன்று நிர்வாகங்கள், மேலே மத்திய அரசு, இவர்கள் எல்லாரும் ஒரே வருசத்தில் ஒரே மனதாக இருக்க வேண்டும். ஒரு வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு துண்டுக்கு ஒதுக்குவார்கள், அது முடிந்து அடுத்த ஒதுக்கீடு வரும்வரை அந்த இடத்திலேயே நிற்கும். இது அந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை. தெற்குக் கரையோரமாகப் போகிற ஏயர் நெடுஞ்சாலையில் மேற்கு அவுஸ்திரேலியப் பகுதிக்கு 1969இலேயே தார் போட்டு முடித்துவிட்டார்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் தென் அவுஸ்திரேலியா தன் பங்கை முடித்தது 1976இல். ஏழு வருசமாகச் சாரதிகள் எல்லைப் பலகை வரைக்கும் வழுக்கிக்கொண்டு வந்து, அதைத் தாண்டியதும் புழுதிக்குள் விழுந்திருக்கிறார்கள். நாட்டை நடுவால் பிளந்து போகிற ஸ்டுவர்ட் நெடுஞ்சாலைகூட 1987இல்தான் முழுக்கத் தார் ஆனது.

இனி வேலை. தார் என்பது கடைசியில் பூசுகிற மெல்லிய தோல். அங்கே இவ்வளவு தூரத்துக்குக் கார்பட் போடுவதில்லை, எங்கட ஊரில் முன்னர் செய்த மாதிரித் தாரைத் தெளித்து மேலே சல்லி பரப்பி ரோலர் விடுவதுதான். அதற்குக் கீழே மண்ணைக் கொட்டி, தண்ணீர் சேர்த்து, இறுக்குகிற வேலைதான் காலத்தைத் தின்னும். பாலைவனத்தில் அந்தத் தண்ணீருக்கு எங்கே போவது? ஆழ்குழாய் இறக்க வேண்டும், இறக்கினாலும் பல இடங்களில் உப்புத் தண்ணீர், அதை ஊற்றி இறுக்கினால் பிறகு உப்பு மேலே ஏறிவந்து தாரைக் கொப்புளம் கொப்புளமாகக் கிளப்பிவிடும். நல்ல கிரவல் எடுக்கிற இடமும் பக்கத்தில் கிடைக்காது, கிடைத்தாலும் அது ஆதிவாசி மக்களின் நிலம், அவர்களுடைய புனித இடங்கள் எவை என்று பார்த்து, சம்மதம் வாங்கித்தான் தோண்டலாம் (வாங்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறு பேச்சு இல்லை). குளிர்காலத்தில் தார் சரியாக ஒட்டாது. வெயில் காலத்தில் ஒட்டும், ஆனால் பெருமழை வந்து பாதையை மூடுவதும் அந்தக் காலத்தில்தான்.

இவ்வளவுக்கும் மேலே, அந்தப் பாதையில் வாகனம் குறைவு. கணக்குப் பார்க்கிற அதிகாரிக்கு நகரத்துப் பக்கம் ஒரு சந்தியைத் திருத்தினால் வருகிற லாபம் பெரிதாகத் தெரியும். வாகனம் குறைவாக இருப்பதற்கே றோட்டு இப்படிக் கிடப்பதுதான் காரணம் என்று தம்பி சொல்லுவார். என் வாக்கு தம்பிக்குத்தான்.

கேள்வி: இந்தச் சாரதிகள் எந்த இடம் வரைக்கும் தார் வந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? போனில் வரைபடத்தைப் பார்த்தால் எல்லாம் ஒரே கோடாகத்தானே இருக்கிறது?
வாழைச்சேனை வாசகர்

பதில்: வரைபடத்தை நம்பிப் போகிறவர் சுற்றுலாக்காரர். ஓட்டம் ஓடுகிறவர் எதிரே வந்தவரைத்தான் நம்புவார். மாரி காலத்தில் வெல்லாவெளிப் பக்கம் போகிறவர்கள் எதிரே வருகிற மோட்டார்சைக்கிள்காரரை மறித்து "தண்ணி எதுமட்டும் நிக்குது?" என்று கேட்பதில்லையா, குருமண்வெளியில் பாதையால் (ஆற்றைக் கடக்கிற மிதவையால்) இறங்குகிறவர்களிடம் அக்கரைச் சங்கதியை விசாரிப்பதில்லையா, அதே விசாரணைதான் அங்கும். லொறிக்காரர்கள் ரேடியோவில் கேட்பார்கள். எண்ணெய் அடிக்கிற இடத்தில் கதைப்பார்கள். இப்போது வட்ஸ்அப்பும் சேர்ந்துகொண்டது.

கணக்கு வைக்கிற விதம் நேர்த்தியானது. ஒரு தெரிந்த இடத்தில், எண்ணெய் நிலையமோ கிளைப் பாதைப் பலகையோ, மீட்டரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவார்கள். தார் முடிகிற இடத்தில் மீட்டரை வாசிப்பார்கள். மறுபடி தார் தொடங்கினால் மறுபடி வாசிப்பு. ஏனென்றால் தார் ஒரு முனையில் இருந்து வரிசையாக வருவதில்லை, வெள்ளம் அறுக்கிற இடம், குடியிருப்புப் பக்கம், ஆபத்தான வளைவு என்று முதலில் தேவையான இடத்துக்குப் போடுவார்கள், நடுவில் மண் கிடக்கும். அதனால் "எத்தனை கிலோமீட்டர் முடிந்தது" என்று அறிவிப்பில் வருகிற எண் சாரதிக்கு உதவாது. எந்த இடத்தில் மண் தொடங்குகிறது, மண்ணை வழித்துச் சமப்படுத்துகிற கிரேடர் வந்து போனதா, பக்கப் பாதையில் திருப்பிவிட்டிருக்கிறார்களா, இவைதான் அவருக்கு வேண்டும்.

ஒருவர் அனுப்புகிற குரல் பதிவைக் கேட்டால் இப்படி இருக்கும்: "தார் முடியிற விளிம்பில கவனம், மண் தேய்ஞ்சு ஒரு சாண் இறக்கம் இருக்கு, இடப்பக்கம் சல்லி வரம்பு கட்டி விட்டிருக்கானுகள், முளை அடிச்சு சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கு, தண்ணி பவுசர் ரெண்டு ஓடுது, அப்ப வேலை நடக்குது." இந்தக் கடைசித் துண்டைக் கவனியுங்கள். மரமுளையும் ரிப்பனும் மட்டும் இருந்தால் அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். தண்ணீர் பவுசர் ஓடினால்தான் மண் இறுக்குகிறார்கள் என்று அர்த்தம். சல்லிக் குவியல் பாதையோரம் வந்துவிட்டதென்றால் தார் தெளிக்கிற வண்டி தூரத்தில் இல்லை. அமைச்சர் வந்து மண்வெட்டி பிடித்த படத்தை ஒரு சாரதியும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பதிவில் நாளும் இருக்க வேண்டும். ஒரு நல்ல மழை விழுந்தால் நேற்றைய தகவல் குப்பைக்குப் போய்விடும். அந்தப் பாதைகளை மழைக்கு மூடுவார்கள், மூடிய பாதையில் ஓடினால் தண்டப்பணம் உண்டு. ஈரமண்ணில் ஒரு பாரலொறி போன தடம் காய்ந்தால் அதைத் திருத்த மறுபடி கிரேடர் வர வேண்டுமே, அதனால்.

கேள்வி: மருமகன் ஓமானில் இருந்து சவூதிக்கு லொறி ஓடுகிறார். நடுவே முழுக்க மணல் மேடு என்கிறார். மணலுக்கு மேல் எப்படி றோட்டு நிற்கிறது?
காத்தான்குடி வாசகர்

பதில்: ருப்அல்காலி என்ற அந்த மணல்காட்டின் பரப்பு ஆறரை இலட்சம் சதுர கிலோமீட்டர், இலங்கையைப் போலப் பத்து மடங்கு. மேடுகள் சில 250 மீற்றர் உயரம். அதற்குள்ளால் போகிற றோட்டு ஓமானின் இப்ரியில் இருந்து எல்லை வரைக்கும் 160 கிலோமீட்டர் அளவில், அங்கிருந்து சவூதிப் பக்கம் 560 கிலோமீட்டருக்கு மேல். 2021 டிசம்பரில்தான் திறந்தார்கள். அதுவரைக்கும் உங்கள் மருமகன் மாதிரி ஆட்கள் அமீரகத்துக்குள் நுழைந்து வெளியேறி, இரண்டு எல்லைச் சோதனையில் நின்று போனவர்கள்.

மேட்டு மணல் காற்றில் உருண்டு உருண்டு மழுங்கிய மணல், தனியே எவ்வளவு உருட்டினாலும் இறுகாது. அதனால் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, அதற்கு மேலே வேறு இடத்தில் இருந்து கொண்டுவந்த சுண்ணாம்புக் களி மண்ணைப் போட்டு இறுக்கி, பிறகுதான் கார்பட். கரையைச் சரிவாக, படுக்கையாக விட வேண்டும், செங்குத்தாக விட்டால் காற்று அங்கே தடுக்கி மணலைக் கொட்டிவிடும். சரிவிலும் களியைப் பூசுவார்கள். என்ன செய்தாலும் மணல் வரும். மண் அள்ளும் வண்டிகள் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றடித்த இரவுக்கு அடுத்த காலையில் முதல் வண்டியாகப் போக வேண்டாம் என்று மருமகனிடம் சொல்லுங்கள். வெயில் சாய்வாக விழுகிற நேரம் றோட்டுக்குக் குறுக்கே கிடக்கிற மணல் நாக்கு தாரின் நிறத்திலேயே தெரியும், பார வண்டி அதில் ஏறினால் ஸ்டியரிங் கையை விட்டுப் போய்விடும்.

கேள்வி: எங்கட கிரவல் வீதி கிரேடர் வந்து போன அடுத்த மாதமே வரி வரியாக வந்துவிடுகிறது. வேகமாக ஓடினால் குலுக்கம் தெரியாது என்கிறார்களே, உண்மையா?
வவுணதீவு வாசகர்

பதில்: உண்மைதான், ஆனால் அந்த வரியைப் போடுவதே அந்த வேகம்தான். தகரக் கூரையை நிலத்தில் விரித்த மாதிரி வருகிற இந்த வரிகளை 2007இல் பிரான்ஸ், கனடா, பிரித்தானிய ஆய்வாளர்கள் வட்டமாக மணலைப் பரப்பி, மேலே ஒரு சில்லை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஸ்பிரிங் இல்லாத வெறும் சில்லுக்கும் வரி வந்தது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் சில்லு ஒரு சின்ன மேட்டில் எகிறி, விழுகிற இடத்தில் மண்ணைத் தள்ளி அடுத்த மேட்டைக் கட்டுகிறது. அந்த வேகத்துக்குக் கீழே ஓடினால் வரி வருவதில்லை, ஆனால் அப்படி ஊர்ந்து போக யாருக்குப் பொறுமை இருக்கிறது? கிரேடர் மேலே வழித்துவிட்டுப் போகும், அடியில் வரி அப்படியே இறுகிக் கிடக்கும், ஆழமாகக் கிளறித் தண்ணீர் விட்டு மறுபடி இறுக்கினால்தான் கொஞ்சக் காலம் தாங்கும். இதைக் கேட்டு வாங்குங்கள், வெறும் வழிப்புக்குச் சம்மதிக்க வேண்டாம்.

வேகமாக ஓடுகிறபோது சில்லு மேட்டுக்கு மேட்டுத் தாவுகிறது, குலுக்கம் குறையும், கூடவே பிடிமானமும் குறையும். வளைவில் பிரேக் பிடித்தால் வண்டி உங்கள் சொல்லைக் கேட்காது. பாலைவனத்தில் ஓடுகிறவர்கள் ரயர் காற்றில் கால்வாசியைக் குறைத்து, வேகத்தையும் குறைப்பார்கள். தார் வந்ததும் மறுபடி காற்றடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ரயர் சூடேறி வெடிக்கும்.

கேள்வி: எந்த நாட்டிலும் கடைசித் துண்டுதான் இழுபடுகிறது. ஏன்?
அக்கரைப்பற்று வாசகி

பதில்: இலகுவான இடத்தை முதலில் முடித்துவிடுகிறார்கள், அதுதான். மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் சான் பெலிப்பேயில் இருந்து தெற்கே போகிற 5ஆம் நெடுஞ்சாலையைப் பாருங்கள். கடலோரமாகக் கொன்சாகா குடா வரைக்கும் வந்த தார், அங்கிருந்து மலைப்பாறைக்குள் திரும்பி 1ஆம் நெடுஞ்சாலையில் ஏற வேண்டிய இடத்தில் வருசக்கணக்காக அடி அடியாக நகர்ந்தது. அந்தப் பக்கம் ஓடுகிறவர்கள் இந்த மாதம் எந்த வளைவு வரைக்கும் வந்திருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டினார்கள். அதற்குள் 2018இல் ரோசா என்ற புயலின் மழை வந்து, ஏற்கெனவே போட்டு முடித்த பகுதியில் பாலங்களை அடித்துக்கொண்டு போனது. முன்னால் போக வேண்டிய ஆட்களும் காசும் பின்னால் திரும்ப வேண்டி வந்தால் கடைசித் துண்டு எப்படி முடியும்? சகாராவிலும் அல்ஜியர்சில் இருந்து லாகோஸ் போகிற பாதைக்கு 1960களில் பேச்செடுத்தார்கள், நைஜரில் ஆர்லிட்டுக்கும் அசமாக்காவுக்கும் இடையே இருநூறு சொச்சம் கிலோமீட்டர்தான் எல்லாருடைய பொறுமையையும் சோதித்தது. எல்லைப் பக்கம், தண்ணீர் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

எங்கட மட்டக்களப்பு வாவியைக் கடக்க மண்முனைப் பாலம் 2014இல்தானே வந்தது அக்கா. அக்கரையில் வயல் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: அந்த அவுஸ்திரேலியப் பாலைவன றோட்டில் முச்சக்கரவண்டி ஓடலாமா?
பொத்துவில் வாசகர்

பதில்: லேவர்ட்டனில் எண்ணெய் அடித்தால் அடுத்து நம்பிப் போகக்கூடிய நிலையம் ஏறத்தாழ 300 கிலோமீட்டரில். ஆட்டோ டாங்கி எட்டு லீற்றர்தான் கொள்ளும். கானில் பெற்றோல் கட்டிக்கொண்டு போகலாம், ஆதிவாசி நிலத்தால் போக அனுமதிச் சீட்டும் எடுக்க வேண்டும். மூன்றாவது சில்லு வரிக்கு நடுவே எந்தப் பக்கம் ஓடும் என்று மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம் தம்பி.