ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து மனை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதக் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தைப் பற்றியவை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், ரத்தினகிரிக்குப் பக்கத்துக் கீழ்மின்னலில், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ராணிப்பேட்டை வளாகம் 2022-ல் திறந்தது. அதிலிருந்து அங்கே நிலத்தின் பேச்சே மாறிவிட்டது. நான் வேலூரில் வளர்ந்தவள். நகர் ஊரமைப்புத் துறையில் (டிடிசிபி) வரைவாளராகச் சேர்ந்து, மனைப்பிரிவுக் கோப்புகளோடே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அதனால் இந்த இதழை முழுக்க அந்தக் கடிதங்களுக்கே வைத்துக்கொள்கிறேன்.

“அம்மா, வணக்கம். ஓய்வுப் பணத்தில் மனை வாங்க நினைக்கிறேன். ‘புது ஆஸ்பத்திரிக்கு அஞ்சே நிமிஷம்’ என்று ஏஜென்ட் ஒரு இடம் காட்டினார். பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது, டிடிசிபி வந்துகொண்டே இருக்கிறது என்கிறார். அட்வான்ஸ் கொடுக்கலாமா?” (ஓய்வு பெற்ற ஆசிரியர், வாலாஜாபேட்டை)

கொடுக்காதீர்கள் சார். வந்துகொண்டே இருக்கிற அப்ரூவலுக்கு எந்த மதிப்பும் கிடையாது. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. நகர் ஊரமைப்புத் துறையின் தொழில்நுட்ப ஒப்புதல் வந்த பிறகுதான் ஊராட்சி கையெழுத்துப் போட முடியும்.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவைத் தடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்புறம் 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அந்தச் சலுகை 2016 அக்டோபர் 20-க்குள் உருவான மனைகளுக்குத்தான். ஆஸ்பத்திரி திறந்ததே 2022-ல். அதை நம்பிப் பிரித்த மனை எதுவும் அந்தச் சலுகைக்குள் வராது. ‘பின்னால ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்’ என்று சொன்னால் இந்தத் தேதியைச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொரு வழியும் காட்டுவார்கள். மனை என்று எழுதாமல், விவசாய நிலமாகவே சென்ட் கணக்கில் கிரயம் பண்ணித் தருவதாகச் சொல்வார்கள். பத்திரம் கைக்கு வந்துவிடும், வீடு கட்ட அனுமதிதான் வராது. இப்படி வாங்கிவிட்டு அலுவலக வராந்தாவில் கோப்போடு உட்கார்ந்திருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் உங்களைப் போல ஓய்வுப் பணத்தைப் போட்டவர்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மனைப்பிரிவின் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு வேண்டும். பதிவில்லாமல் விளம்பரம் செய்வதே தவறு. பதிவு எண்ணை வாங்கி, தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். பதிவுள்ள திட்டமாக இருந்தாலும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. சர்வே எண்ணுக்கு எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் (நில அளவை வரைபடம்), ‘அ’ பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), வில்லங்கச் சான்று எடுங்கள். ஸ்கெட்ச்சில் வாய்க்காலோ ஓடையோ குறுக்கே போகிறதா என்று பாருங்கள். போனால், இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

“ஆஸ்பத்திரி மதிலுக்குப் பின்பக்கம் எங்களுக்கு அறுபது சென்ட் நிலம் இருக்குதுங்க. ஏரிப் பாசனம், நன்செய். என் பையன் லாட்ஜ் கட்டணும்னு நிக்கிறான். பட்டா நம்ம பேர்லதான இருக்கு, கட்டினா யார் கேக்கப் போறாங்கன்னு சொல்றான்.” (விவசாயி, ரத்தினகிரி பக்கம்)

பட்டா நிலம் உங்களுடையது என்று மட்டும்தான் சொல்கிறது ஐயா. அதில் என்ன கட்டலாம் என்பது வேறு கேள்வி.

முதலில் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போய், உங்கள் கிராமம் திட்டப் பகுதிக்குள் வருகிறதா, முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதில் உங்கள் சர்வே எண்ணுக்கு ஒரு உபயோகம் குறித்திருப்பார்கள்: குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், விவசாயம் என்று. விவசாயம் என்றிருந்தால், 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32-வது பிரிவில் நில உபயோக மாற்றம் கேட்க வேண்டும். திட்டப் பகுதிக்கு வெளியே இருந்தால் 2017-ல் வந்த தனி விதிகள் பொருந்தும். நன்செய் என்பதால் வேளாண் இணை இயக்குநரின் கருத்தையும் கேட்பார்கள்.

உங்கள் பையனுக்கு ஒரு எச்சரிக்கை. 2024 ஜூலையில் சுயசான்று முறை, அதாவது விதிப்படி கட்டுவதாக நாமே உறுதி கொடுத்து அனுமதி வாங்கும் முறை வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட இணையத்திலேயே உடனே அனுமதி கிடைக்கும். அது வீட்டுக்கு மட்டும். வீடு என்று சுயசான்று வாங்கிக் கட்டிவிட்டு லாட்ஜ் போர்டு மாட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். கையெழுத்துப் போட்டவர் உங்கள் பையனாக இருப்பார், சீல் வைக்கும்போது யோசனை சொன்னவர் அங்கே இருக்க மாட்டார்.

சரி, முறையாக அனுமதி வாங்கிக் கட்டுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். யாருக்காகக் கட்டுகிறீர்கள் என்று யோசித்தீர்களா? சி.எம்.சி.க்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். ஒரு ராத்திரி தங்கிப் போகிறவர்கள் இல்லை. டெஸ்ட், ரிசல்ட், ஆபரேஷன் தேதி, ரிவ்யூ என்று வாரக்கணக்கில் இருப்பார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது காந்தி சாலைப் பக்கம் எங்கள் மாடி அறையை அம்மா இப்படிப்பட்ட குடும்பங்களுக்குத்தான் வாடகைக்கு விடுவார். வந்தவுடன் அவர்கள் கேட்பது அடுப்பு எங்கே வைக்கலாம், துணி எங்கே காயப் போடலாம் என்பதைத்தான். கடுகெண்ணெய் கிடைக்கும் கடையை அம்மா கையோடு கூட்டிப்போய்க் காட்டுவார்.

அதனால் ஏசி அறைகளை அடுக்குவதற்கு முன்னால், சமைக்க ஒரு மேடை, மாடியில் துணிக் கொடி, சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், பிடித்து எழ கம்பி வைத்த வெஸ்டர்ன் கழிப்பறை, படுக்கையோடு நோயாளி நுழையும் அகலத்தில் லிஃப்ட் இவற்றை வரைபடத்திலேயே போடச் சொல்லுங்கள். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் குடியேற்றத் துறைக்குத் தகவல் பதிய வேண்டும். இதைத் தெரியாமல் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

கழிவுநீரை மறந்துவிடாதீர்கள். ஊராட்சியில் பாதாளச் சாக்கடையை எதிர்பார்க்க முடியாது. முப்பது அறை லாட்ஜின் தண்ணீரை ஒரு செப்டிக் டேங்க் தாங்காது, அது நிரம்பினால் போவது பக்கத்து வயல் கிணற்றுக்கு. சுத்திகரிப்புக்கு இடம் விட்ட பிறகு மீதி எத்தனை அறை வருகிறதோ அத்தனை போதும். நிலத்தை விற்காமல் நீங்களே வைத்திருக்க நினைப்பது எனக்கு ரொம்பவும் சந்தோஷமாக இருக்கிறது.

“மெடிக்கல் ஷாப்புக்கு எவ்வளவு இடம் வேண்டும்?” (பி.பார்ம் மாணவர், ஆற்காடு)

சில்லறை விற்பனைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர். மொத்த விற்பனையும் சேர்த்தால் 15. பதிவு பெற்ற மருந்தாளுநர் கடையில் இருந்தாக வேண்டும், நீங்களே படித்து முடித்தால் அந்தக் கவலை இல்லை. கடை வாடகை ஒப்பந்தம் போடும் முன் கட்டடத்தின் அனுமதியில் வணிகம் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

“அக்கா, நான் ஆஸ்பத்திரி ரோட்டோரம் காலையில இட்லியும் கஞ்சியும் விக்கிறேன். நோயாளிங்க கூட வர்றவங்கதான் வாங்குவாங்க. இப்ப இடத்தைக் காலி பண்ணுன்னு வந்து வந்து சொல்றாங்க. சட்டம் எனக்கு உதவுமா?” (வாசகி, பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்)

தங்கச்சி, மற்ற கடிதங்களை விட உங்கள் கடிதத்தைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன்.

தெரு வியாபாரிகளுக்கென்று 2014-ல் ஒரு சட்டம் வந்தது. கணக்கெடுப்பு முடித்துச் சான்று கொடுக்கும் வரை யாரையும் அகற்றக் கூடாது, நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்றெல்லாம் நல்ல ஏற்பாடுகள் அதில் இருக்கின்றன. ஆனால் அது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று நகர்ப்புறத்தை மனதில் வைத்து எழுதியது. நீங்கள் இருப்பது கிராம ஊராட்சி. பெரிய ஆஸ்பத்திரி வந்து ஊர் நகரமாக ஆகிக்கொண்டிருக்கிறது, சட்டப் புத்தகத்தில் இன்னும் கிராமம். இந்த இடைவெளியில் அடிபடுவது உங்களைப் போன்றவர்கள்தான். இது எனக்குக் கோபமாகவே வருகிறது.

நெடுஞ்சாலையும் சர்வீஸ் ரோடும் நெடுஞ்சாலை ஆணையத்தின் இடம். அங்கே இருக்கச் சொல்லும் அதிகாரம் ஊராட்சிக்குக் கிடையாது, அதனால் அந்த இடத்துக்காகச் சண்டை போடாதீர்கள். வண்டிகள் வேகமாகத் திரும்பும் இடத்தில் அடுப்போடு நிற்பது உங்களுக்கும் ஆபத்து. வேறு இடம் கேளுங்கள். சந்தை நடத்த, கடைகளுக்கு இடம் ஒதுக்க ஊராட்சிக்கு வழி உண்டு. உங்களோடு விற்கும் எல்லோரும் சேர்ந்து பெயர், என்ன விற்கிறீர்கள், எத்தனை வருடமாக என்று ஒரு மனு எழுதுங்கள். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நடந்து வரும் தூரத்தில், ஊராட்சிக்குச் சொந்தமான இடத்தில், தண்ணீர்க் குழாயும் கூரையும் உள்ள கடைவரிசை வேண்டும் என்று கேளுங்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். அங்கே தீர்மானமாக எழுதவைத்து நகல் வாங்குங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவையும் எடுத்துவிடுங்கள், சின்ன வியாபாரத்துக்குக் கட்டணம் குறைவுதான். காகிதம் கையில் இருந்தால் பேசுகிறவர்களின் குரல் கொஞ்சம் இறங்கும்.

“எங்கள் தெருவில் புதிதாக லேப், கிளினிக் வந்திருக்கின்றன. ஊசியும் ரத்தம் பட்ட பஞ்சும் குப்பையில் கிடக்கின்றன. ராத்திரி முழுக்க ஹாரன் வேறு.” (குடும்பத் தலைவி, மேல்விஷாரம்)

ஒற்றை அறை கிளினிக்காக இருந்தாலும் 2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் பொருந்தும். ரத்தம் பட்டது மஞ்சள் பையில், டியூப் போன்ற பிளாஸ்டிக் சிவப்புப் பையில், ஊசி துளைபடாத வெள்ளை டப்பாவில் போக வேண்டும். பொது மருத்துவக் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டி வந்து எடுத்துப் போக வேண்டும், ரத்தக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. தேதியோடு படம் எடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். குழந்தைகளை அந்தக் குப்பைப் பக்கம் விடாதீர்கள்.

ஹாரனுக்கு: ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். உங்கள் தெரு அதைத் தாண்டியிருந்தால் அந்த விதி உதவாது. ஆனாலும் ஆம்புலன்ஸுக்கும் மற்ற வண்டிக்கும் வழியைப் பிரிக்கச் சொல்லிப் போக்குவரத்துக் காவலரிடம் கேட்கலாம்.

“மேடம், நான் நகரமைப்பு படிக்கிறேன். ஆஸ்பத்திரியைச் சுற்றி வணிகமே வரக் கூடாது என்று எங்கள் வகுப்பில் ஒரு கட்சி. கீழ்மின்னல் வரைபடம் உங்கள் கையில் கிடைத்தால் என்ன செய்வீர்கள்?” (மாணவி, சென்னை)

வணிகம் வரட்டும் என்பதுதான் என் கட்சி. எங்கே வரும் என்பதை முன்னாலேயே வரைந்துவிட வேண்டும்.

வேலூரைப் பார். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை ஊருக்கு நடுவே வளர்ந்தது. அதைச் சுற்றி ஐடா ஸ்கடர் சாலை, காந்தி சாலை, பாபு ராவ் தெரு என்று எங்கும் லாட்ஜ், மெடிக்கல், மெஸ், டிராவல்ஸ். வங்க மொழியிலும் இந்தியிலும் போர்டுகள். யாரும் திட்டம் போட்டு அனுமதித்ததில்லை, தேவை வந்தது, வீடுகள் கடைகளாயின. அந்தக் கடைகள் இல்லாவிட்டால் அசாமிலிருந்து வரும் ஒரு குடும்பம் எங்கே போய்ச் சாப்பிடும்? அதே நேரம் அந்தத் தெருக்களில் ஸ்ட்ரெச்சர் தள்ள நடைபாதை இல்லை, ஆட்டோ நிற்க இடமில்லை. கீழ்மின்னலில் நிலம் இன்னும் திறந்து கிடக்கிறது. வேலூரில் செய்ய முடியாமல் போனதை இங்கே செய்யலாம்.

நான் முதலில் ஏரிகளையும் வரத்து வாய்க்கால்களையும் நீல மையில் குறித்து, அவற்றின் இரு பக்கமும் கட்டக் கூடாத பட்டை விடுவேன். அடுத்து ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நடக்கும் தூரம் வரை கலப்பு உபயோகம்: கீழே கடை, மேலே தங்கும் அறை. மூடியில்லாத சாக்கடை ஒன்றுகூட இல்லாத, நிழல் உள்ள நடைபாதை அதன் நடுவே போகும். கடைகள் நெடுஞ்சாலையைப் பார்த்துத் திறக்காது, உள்ளே ஒரு தெருவைப் பார்த்துத் திறக்கும். நெடுஞ்சாலையோரம் வரிசையாகக் கடை வந்தால் நோயாளியோடு வந்தவர் டீ குடிக்க நெடுஞ்சாலையைக் கடப்பார். இது விபத்தில் போய் முடிகிறது. அவசரச் சிகிச்சைக்கு ஆள் வரும் வாசலிலேயே இன்னொரு விபத்தை நாம் உண்டாக்கக் கூடாது.

அப்புறம் தர்மசாலை மாதிரி மலிவான தங்குமிடத்துக்கு இடம் ஒதுக்குவேன். மனைப்பிரிவில் பொதுவுக்கு விடும் 10 சதவீதத்தில் கைவைக்க மாட்டேன், அது பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் உரியது. அரசு புறம்போக்கில் வேறு இடம் தேட வேண்டும். சந்தை விலைக்கு விட்டால் ஆஸ்பத்திரியைச் சுற்றி வாடகை ஏறி, பணமில்லாதவர்கள் வராந்தாவில்தான் படுப்பார்கள். அதை எந்த வணிகமும் தானாகச் சரி செய்து நான் பார்த்ததில்லை.

உன் வகுப்பில் இருந்து யாராவது கீழ்மின்னல் வந்து ஒருநாள் காலை ஆறு மணியிலிருந்து வாசலில் நின்று, யார் எங்கே நடக்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எங்கே சாலையைக் கடக்கிறார்கள் என்று குறித்துக் கொடுங்கள். நில உபயோக மாற்றத்துக்கான அறிவிப்பு நாளிதழில் வரும்போது பொதுமக்கள் ஆட்சேபணையும் ஆலோசனையும் தரலாம். உங்கள் வரைபடத்தை அதோடு இணைத்து, அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்பினால் அடுத்த இதழில் போடச் சொல்கிறேன்.