தனியாளாகக் கார் ஒர்க்‌ஷாப் போட்டால் கட்டுப்படியாகுமா?

கேள்வி கேட்டவர் ஒரு ஷோரூம் சர்வீஸ் பிரிவில் பல வருடம் டெக்னீஷியனாக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு மேடவாக்கம் பக்கம் ஒரு ஷெட் வாடகைக்கு எடுத்து, தனியாளாகக் கார் ஒர்க்‌ஷாப் போட்டால் கட்டுப்படியாகுமா என்று கேட்கிறார். நானும் அதே தென்சென்னைப் பக்கம்தான் கடை வைத்திருக்கிறேன். முதலாளி, மெக்கானிக், கணக்கு பார்ப்பவர் எல்லாம் நானே. கூடமாட ஒரு பையன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கட்டுப்படியாகும். கைத்தொழில் ஒழுங்காகத் தெரிந்த மெக்கானிக்குக்குச் சென்னையில் வண்டி வராமல் போகாது. நான் பார்த்தவரை, கடையை மூடியவர்களில் பலர் வாசல் நிறைய வண்டி நிற்கும்போதே மூடினார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி பத்து மணிக்குத்தான் இறக்குவார்கள். மாதக் கடைசியில் வாடகைக்குக் கைமாற்று வாங்குவார்கள். காரணத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஸ்பேர் மாற்றியதற்குக் காசு வாங்கினார்கள், கோளாறைக் கண்டுபிடித்ததற்கு வாங்கவில்லை.

ஒரு வண்டியை வைத்துச் சொல்கிறேன். ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. மேடு ஏறினால் இழுவை இல்லை, ஹைவேயில் எண்பதைத் தாண்டத் திணறுகிறது, செக் இன்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேனர் போட்டால் பி0299 என்று எரர் கோடு வருகிறது. இன்ஜினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் டர்போ தரவேண்டிய காற்றழுத்தம் வரவில்லை என்று அதற்கு அர்த்தம். ஏற்கெனவே இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறார்கள், இரண்டு இடத்திலும் "டர்போ போயிடுச்சு, மாத்தணும்" என்றே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அழுத்தம் குறைகிறது என்பதைத்தான் கோடு சொல்லும், எங்கே குறைகிறது என்பதை நாம்தான் தேட வேண்டும். டர்போவின் வாயைக் கழற்றி ஷாஃப்டை விரலால் அசைத்துப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. பிளேடு முனைகள் எங்கும் உரசவில்லை. டர்போவைக் கட்டுப்படுத்தும் வேக்கம் குழாய்களும் ஆக்சுவேட்டரும் நன்றாக இருந்தன. ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, காற்று கசியும் சத்தமும் இல்லை.

அடியில் படுத்துப் பார்த்தபோது, டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் ஓரிடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் அப்பிய தூசும் கறுப்பாகத் தெரிந்தன. கிளாம்பைத் தளர்த்தி ஹோஸை வெளியே எடுத்து, துணியால் துடைத்து, இரண்டு கையாலும் வளைத்தேன். கிளாம்ப் உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு கீறல் திறந்தது. விட்டால் மூடிக்கொண்டது. வண்டி நிற்கும்போது அது வாய் மூடியே கிடக்கும். லோடு ஏறி உள்ளே அழுத்தம் கூடினால் மட்டும் திறந்து காற்றை விடும். ஐடிலில் எத்தனை தரம் பார்த்தாலும் பிடிபடாது.

அந்த ஹோஸை மாற்ற அரை மணி நேரம் போதும். வழக்கப்படி லேபர் என்று ஒரு 300, 400 ரூபாய் வாங்கலாம். ஆனால் அதைக் கண்டுபிடிக்க அரை நாள் போயிருக்கிறது. அந்த அரை நாளை யார் தருவார்கள்? அதனால் வண்டியைத் தொடும் முன்பே பேசிவிடுவேன். "சார், என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கவே நேரம் ஆகும். செக்கிங் சார்ஜ் 1,500 ரூபாய். கண்டுபிடிச்ச பிறகு வேலையை இங்கேயே செய்யறதா, வெளியில செய்யறதான்னு நீங்க முடிவு பண்ணிக்கலாம்." சிலர் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், போகட்டும். இந்த வண்டிக்காரர் டர்போ விலையை ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தவர். பில்லைப் பார்த்துவிட்டு மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார்.

செக்கிங் சார்ஜ் வாங்குவதைக் கறார் என்று நினைக்காதீர்கள். அதை வாங்காத கடையில் என்ன நடக்கிறது? மெக்கானிக் தன் நேரத்துக்கான காசை ஸ்பேரில் எடுத்தாக வேண்டியிருக்கிறது. அதனால் சந்தேகத்தின் பேரிலேயே சாமானை மாற்றுகிறார். இன்ஜெக்டர் மாற்றிப் பார்ப்போம், சென்சார் மாற்றிப் பார்ப்போம் என்று போகும். ஒவ்வொரு "பார்ப்போ"முக்கும் வண்டிக்காரர் காசு தருகிறார். இலவசமாகச் செக் செய்வதாகச் சொல்லும் கடையில்தான் வண்டிக்காரருக்குச் செலவு அதிகம். இதைத் தயங்காமல் அவர்களிடமே எடுத்துச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள்.

உங்கள் மணிக்கூலி என்ன என்று கடை திறப்பதற்கு முன்பே கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு வாடகை 25,000, கரண்ட் 5,000, பையன் சம்பளம் 20,000, டூல்ஸ் தவணையும் வேஸ்ட் துணி, கிரீஸ், சோப்பும் சேர்த்து 10,000, உங்கள் சொந்தச் சம்பளம் 40,000. ஆக மாதம் ஒரு லட்சம். மாதம் 25 நாள் கடை. கடையில் பத்து மணி நேரம் இருந்தாலும் பில் போடக்கூடிய வேலை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் தேறாது. மீதி நேரத்தை ஸ்பேருக்குப் போனதும், போனில் பேசியதும், டிரையல் ஓட்டியதும், "சும்மா ஒரு சத்தம் வருது, பாருங்க" என்று வந்தவரைக் கவனித்ததும் தின்றுவிடும். 125 மணி நேரத்தால் ஒரு லட்சத்தை வகுத்தால் மணிக்கு 800 ரூபாய். கிளட்ச் பிளேட் மாற்ற நாலு மணி நேரம் என்றால் லேபர் 3,200. பக்கத்துக் கடைக்காரர் 2,000க்குச் செய்கிறார் என்று நீங்களும் இறங்கினால், அந்த 1,200 உங்கள் வீட்டுச் சம்பளத்திலிருந்துதான் போகும்.

உங்கள் சம்பளத்தைக் கணக்கில் செலவாக எழுதுங்கள். மீந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் மிஞ்சவே மிஞ்சாது.

ஸ்பேர் விஷயத்தில் ஷோரூமில் பழகியவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு: கார் கம்பெனி பெட்டியில் வந்தால்தான் ஒரிஜினல், மற்றதெல்லாம் டூப்ளிகேட் என்று. கார் கம்பெனிகள் பெரும்பாலான சாமான்களை வெளியில்தான் வாங்குகின்றன. சென்னையில் பாடி என்ற இடத்தில் லூகாஸ் டிவிஎஸ் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் செய்கிறது. பிரேக்ஸ் இந்தியாவும் பாடியில்தான் தொடங்கியது. ரானே ஸ்டியரிங் பாகங்கள் செய்கிறது. இவர்கள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கிறார்கள், பல நேரம் விலையும் குறைவு. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் உங்களுக்கென்று ஒன்றிரண்டு நம்பிக்கையான கடைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். புதுப்பேட்டைப் பழைய சாமான் கதவு, கண்ணாடி, பம்பர் போன்றவற்றுக்குச் சரி. பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட எதையும் அங்கிருந்து எடுத்து மாட்டாதீர்கள், வண்டிக்காரரே கெஞ்சினாலும்.

கழற்றிய பழைய சாமானைக் கவரில் போட்டு டிக்கியில் வைத்துக் கொடுங்கள். வாங்கிய கடையின் பில்லையும் காட்டுங்கள். உங்கள் லேபர் நியாயமாக வந்துவிட்டால் ஸ்பேரில் மறைப்பதற்கு ஒன்றும் இருக்காது.

எல்லா வேலையையும் நீங்களே எடுக்க வேண்டாம். டிங்கரிங், பெயின்டிங்குக்கு இடமும் ஆளும் தனி. டீசல் இன்ஜெக்டரைப் பம்ப் கடைக்கு அனுப்புங்கள், ஹெட் ஃபேஸிங்கை (இன்ஜின் ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவும் வேலையை) லேத் பட்டறைக்கு அனுப்புங்கள். அவர்களிடமிருந்து உங்களுக்கும் வண்டி வரும். டிராவல்ஸ் வண்டிகளை மாதக் கணக்கில் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வேலை நிறைய வரும், காசு மூன்று மாதம் கழித்து வரும். ஸ்பேர் கடைக்காரர் உங்களுக்காக மூன்று மாதம் காத்திருக்க மாட்டார்.

மழைக்காலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் கடை போட நினைப்பது மேடவாக்கத்தில். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கம் எத்தனை கார்கள் மூழ்கின என்று நம் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வடிந்ததும் வண்டிக்காரர் செய்யும் முதல் காரியம் சாவியைப் போட்டுத் திருகுவது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அமுக்க முடியாது, பிஸ்டன் மேலே வரும் வேகத்தில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதுவரை சில ஆயிரங்களில் முடிந்திருக்கக்கூடிய வேலை அந்த நொடியில் இன்ஜின் வேலையாகிவிடும். போதாததற்கு, சாதாரண ஃபுல் இன்ஷூரன்ஸில் இந்தச் சேதத்துக்குப் பணம் தர மாட்டோம் என்பார்கள். இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும்.

அதனால் அக்டோபர் மாதமே உங்கள் கஸ்டமர் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டுவிடுங்கள்: தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டுக் கூப்பிடுங்கள். வண்டி வந்ததும் ஏர் ஃபில்டரைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் ஸ்டிக்கை எடுத்தால் எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் வண்டியாக இருந்தால் ஸ்பார்க் பிளக்குகளை, டீசலாக இருந்தால் குளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். உள்ளே நிற்கும் தண்ணீர் பிளக் துளை வழியாகப் பீய்ச்சி வெளியே வரும். பிறகுதான் எண்ணெய் மாற்றுவது, சென்சார் காய வைப்பது எல்லாம். இரண்டு மூன்று நாளில் திறக்க முடியாத வண்டியை எடுத்துக்கொள்ளவே கூடாது. உள்ளே தண்ணீர் நிற்க நிற்கச் சிலிண்டர் சுவரில் துரு ஏறும். உங்கள் இரண்டு கைகளுக்கு எட்டும் வண்டி எத்தனையோ அத்தனையை வாங்கிக்கொண்டு, மற்றவர்களை வேறு கடைக்கு அனுப்புங்கள். அந்த நேரத்தில் முடியாது என்று சொல்ல மனசு வராது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்கேனருக்கு வருகிறேன். ஆயிரம் ரூபாய் ப்ளூடூத் சாமான் எரர் கோடு படிக்கும், இன்ஜினின் சில ரீடிங்குகளைக் காட்டும், அவ்வளவுதான். ஓடும்போது சென்சார்கள் சொல்லும் லைவ் டேட்டாவை முழுதாகப் பார்க்கவும், ஏபிஎஸ், ஏர்பேக் மாட்யூலுக்குள் போகவும் நல்ல ஸ்கேனர் வேண்டும், வருடா வருடம் அப்டேட்டுக்கும் கட்ட வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு இது இல்லாமல் தொழில் இல்லை. சாவி கோடிங் போன்ற சில வேலைகளுக்கு ஷோரூமுக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. இந்த விஷயத்தில் எனக்கு ஆற்றாமை உண்டு. வெளிக் கடைகளுக்கு ஸ்பேரும் டயக்னஸ்டிக் கருவியும் கிடைக்காமல் செய்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. மேல்முறையீடு அது இது என்று வழக்கு இழுத்தது. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமும் திறந்தது. ஆனால் கடையில் நிற்கும் எனக்கு இன்னும் பல வண்டிகளின் ஒயரிங் படம் முறையாகக் கிடைப்பதில்லை. நம்மைப் போன்றவர்கள் இதைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜிஎஸ்டி: லேபரும் ஸ்பேரும் சேர்ந்து வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும். ஸ்பேரை உங்கள் பெயரில் வாங்கி விற்றால் அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே 18 சதவீதம் என்று ஆகிவிட்டதால் பில் போடுவது இப்போது சுலபம். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அனுமதி பெற்ற ரீசைக்கிள் கம்பெனிக்குத்தான் கொடுக்க வேண்டும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டு போடாமல் நீங்களும் போகாதீர்கள், பையனையும் அனுப்பாதீர்கள். ஷோரூமில் லிஃப்ட்டில் நின்றபடி வேலை பார்த்துப் பழகிய கைக்கு இது மறந்துபோகும். தனிக் கடையில் ஒரு விபத்து நடந்தால் ஓடிவந்து தூக்க ஆளும் இருக்காது.

பையன் கிடைப்பது இப்போது பெரும்பாடு. பைக் இருந்தால் டெலிவரி வேலைக்குப் போய் அன்றைக்கே காசு பார்க்கலாம் என்ற நிலையில், கையில் கிரீஸ் ஆக்கிக்கொள்ள யாருக்கும் விருப்பமில்லை. ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்த பையன்கள் வருவார்கள். நட்டு கழற்ற மட்டும் வைத்துக்கொண்டால் ஆறு மாதத்தில் போய்விடுவார்கள். மல்டிமீட்டரைக் கையில் கொடுங்கள், ஸ்கேனரைப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். ஆயுத பூஜைக்குப் போனஸும் துணியும் கொடுப்பதை விட, அந்த வருடம் அவன் தனியாக ஒரு டைமிங் செயினை மாட்டப் பழகியிருக்கிறானா என்று பார்ப்பது எனக்கு முக்கியம்.

மின்சாரக் கார் வந்தால் தொழில் போய்விடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கும் சஸ்பென்ஷன், பிரேக், ஏசி, டயர் எல்லாம் உண்டு. ஹை வோல்டேஜ் போகும் ஆரஞ்சு நிற ஒயரைப் பயிற்சி இல்லாமல் தொடாதீர்கள், அது உயிரை எடுக்கும். பயிற்சி எங்கே கிடைத்தாலும் இரண்டு நாள் கடையை மூடிவிட்டாவது போய்வாருங்கள்.

ஷோரூம் கஸ்டமர்களின் நம்பர் லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு வர வேண்டாம். அது உங்களை நம்பி அங்கே வைத்த தகவல். வாரன்டி முடிந்தவர்கள் உங்களைத் தேடிக்கொண்டு தாங்களாகவே வருவார்கள்.

ஷெட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள்: த்ரீ ஃபேஸ் கரண்ட் இருக்கிறதா, வாசலில் இரண்டு வண்டி ரோட்டை மறிக்காமல் நிற்குமா, பெருமழை பெய்த மறுநாள் உள்ளே தண்ணீர் நிற்கிறதா. மூன்றாவதை ஓனரிடம் கேட்காதீர்கள். பக்கத்து டீக்கடையில் கேளுங்கள், முடிந்தால் மழை நாளில் நீங்களே போய்ப் பாருங்கள்.