மெஸ் பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது

கோவையில் பொறியியல் சேரும் மகனுக்கு வருடம் முழுவதற்கும் ஒரே தொகையாக மெஸ் பணம் கட்டிவிடலாமா, இல்லை மாதச் செலவைச் சாப்பிட்ட நாட்களுக்கு ஏற்ப மாணவர்கள் பகிர்ந்துகொள்ளும் டிவைடிங் மெஸ்ஸில் சேர்க்கலாமா என்று தாராபுரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள் அம்மா. சீட்டு கிடைத்த சந்தோஷத்தில் பலரும் இதை யோசிக்காமலே கட்டிவிடுகிறார்கள். நீங்கள் கேட்டது நல்லதாயிற்று.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். டிவைடிங் மெஸ்ஸில் மளிகை, காய்கறி, கேஸ், சமையல்காரர் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 12 லட்சம் ரூபாய் ஆனது என்று வையுங்கள். எல்லா மாணவர்களும் சாப்பிட்ட நாட்களைக் கூட்டினால் 10,000. அப்படியானால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 120 ரூபாய். உங்கள் மகன் 22 நாள் சாப்பிட்டால் 2,640 ரூபாய்தான் பில். ஒரே தொகை கட்டும் மெஸ்ஸில் நாளுக்கு 130 என்றால், அவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் 3,900.

இதைப் பார்த்ததும் டிவைடிங்தான் லாபம் என்று தோன்றும். ஆனால் அங்கேதான் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஊருக்குப் போன நாட்களைக் கழிப்பதற்கு ‘மெஸ் ரிடக்‌ஷன்’ என்று பெயர். பல விடுதிகளில் தொடர்ந்து இத்தனை நாள் லீவு எடுத்தால்தான், அதுவும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான், அது கிடைக்கும். உங்கள் மகன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஞாயிறு ராத்திரி திரும்புகிறவன். விடுதியில் குறைந்தது மூன்று நாள் என்று விதி இருந்தால், மாதத்தில் நான்கு சனி, ஞாயிறும் வீட்டில் சாப்பிட்டும் ஒரு ரூபாய் குறையாது. அதனால் வார்டனிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: “சனி, ஞாயிறு மட்டும் போனால் ரிடக்‌ஷன் உண்டா?” இல்லை என்றால் இரண்டு மெஸ்ஸுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அப்புறம் சாப்பாட்டை வைத்தே முடிவு செய்யலாம்.

சாப்பாடு என்றதும் மெனு அட்டையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நான் நேரத்தைப் பார்க்கச் சொல்வேன். முதல் செமஸ்டர் முடிந்து என்னிடம் வந்த ஒரு பையன் நன்றாக இளைத்திருந்தான். மெஸ் ஏழரைக்குத்தான் திறக்கும், எட்டரைக்கு வகுப்பு. தட்டோடு வரிசையில் நின்றால் நேரமாகிவிடும் என்று காலைச் சாப்பாட்டையே விட்டுவிட்டான். ராத்திரி பசியில் வெளியே பரோட்டா. மெஸ்ஸுக்கும் பணம், கடைக்கும் பணம். பதினோரு மணி வகுப்பில் கண் இருட்டுகிறது என்று அவன் சொன்னபோது எனக்கு மனசு கேட்கவில்லை. படிப்பில் ஆர்வமில்லை என்று வீட்டில் அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

முடிந்தால் சேர்க்கைக்குப் போகும் அன்றே மெஸ்ஸில் ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்கள். குடிதண்ணீர் எங்கே பிடிக்கிறார்கள், தட்டு எப்படிக் கழுவுகிறார்கள் என்று கவனியுங்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் சுவரில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அசைவம் தினமும் வேண்டாம் என்றால் சைவ மெஸ்ஸில் சேர்த்துவிட்டு, முட்டைக்கும் கோழிக்கும் தனி டோக்கன் வாங்க வழி உண்டா என்று கேளுங்கள்.

பணம் கட்டும் முன் இன்னொன்று. மகன் அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்கிறான் என்றால், கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-ல் அறிவித்திருக்கிறார்கள். அதில் மெஸ்ஸும் அடங்குகிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கடன் வாங்குவதாக இருந்தால், கல்லூரி தரும் கட்டண விவரத்தில் விடுதி, மெஸ் இரண்டையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். பிறகு சேர்ப்பது சிரமம்.

இவ்வளவும் கேட்ட பிறகும் குழப்பமாக இருந்தால், வருடம் முழுவதற்கும் கட்டாமல் ஒரு செமஸ்டருக்கு மட்டும் கட்ட முடியுமா என்று கேளுங்கள். டிசம்பரில் அவன் வீட்டுக்கு வரும்போது, எந்த வேளைச் சாப்பாட்டைத் தவறாமல் சாப்பிட்டான், எதை விட்டான் என்று அவனிடமே உட்கார்ந்து பேசுங்கள். அடுத்த செமஸ்டருக்கு எந்த மெஸ் என்பதை அவனே சொல்லட்டும்.