தேயிலைத் தோட்டத்தை அடகு வைத்து எம்.பி.ஏ. வேண்டாம்

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். மகள் ஊட்டியில் எம்.ஏ. ஆங்கிலம் கடைசி வருடம். அடுத்து வீடியோ கேம்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாளாம். கோவையில் இருக்கும் தாய்மாமனோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் எம்.பி.ஏ. சீட் பேசி வைத்திருக்கிறார். அதற்காக இருக்கிற ஒன்றரை ஏக்கர் தேயிலையை அடகு வைக்கலாமா என்று கேட்டார்கள். "ராத்திரியெல்லாம் போனும் கையுமா இருக்கா, இதுக்கும் ஒரு பட்டமா?" என்று அம்மா அழுதுவிட்டார்.

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் அடகு வைக்காதீர்கள். பச்சைத் தேயிலை விலை எப்படி ஏறி இறங்கும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதை நம்பி, பெண்ணுக்கு மனமில்லாத படிப்புக்கு வருடக்கணக்கில் வட்டி கட்ட முடியாது. மாமா நல்லதை நினைத்துத்தான் சொல்கிறார், சரி. கடன் உங்கள் தலையில்தானே விழும்? பி.எட்., வங்கித் தேர்வு, ஐ.டி. பற்றியெல்லாம் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மி வகையறா வேறு. அதை 2025-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டே தடை செய்தது. உங்கள் பெண் கேட்பது, கதையையும் சினிமாவையும் ஆராய்வது போல கேமை ஆராயும் படிப்பு. இதற்கென்று 'கேம் ஸ்டடீஸ்' என்ற இணைய இதழ் 2001-லிருந்து வருகிறது, காசில்லாமல் படிக்கலாம். கொல்கத்தாவில் இருக்கும் சௌவிக் முகர்ஜி போன்ற ஆய்வாளர்கள் நம் நாட்டிலிருந்தே எழுதுகிறார்கள்.

இந்த ஆராய்ச்சியில் ஒரு நாள் எப்படிப் போகும் தெரியுமா? ஒரு மணி நேரம் ஆடினால் இரண்டு மணி நேரம் குறிப்பு எழுத வேண்டும். திரையைப் பதிவு செய்து, நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்தக் கதவை ஏன் திறக்க விடவில்லை? தோற்றதும் ஏன் இவ்வளவு தூரம் பின்னால் கொண்டுபோய் விட்டது? பிடித்த கேம்கூட அலுத்துப்போகும். அப்புறம் களப்பணி. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலைத் தடை செய்தார்கள், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரை. சேர்ந்து ஆடிய பையன்கள் அதற்குப் பிறகு என்ன ஆனார்கள்? கோத்தகிரி ஜீப் ஸ்டாண்டிலும் இலை எடை போடும் இடத்திலும் உட்கார்ந்து கேட்க வேண்டிய கேள்வி இது. சம்மதம் வாங்கி, பேச்சைப் பதிவு செய்து, ராத்திரி அதை வார்த்தை விடாமல் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு மணி நேரப் பேட்டி ஒரு நாளையே விழுங்கிவிடும். மழையில் கரண்டும் டவரும் போனால் அந்த வேலை மறுநாளைக்கு. எழுதிக் கொடுத்த அத்தியாயத்தை நெறியாளர் திருப்பி அனுப்புவார்.

உங்கள் பெண் என்னிடம் ஒரு நோட்டைக் காட்டினாள். ஒரே கேமைப் பற்றி, தேதி போட்டு, எங்கே சலித்தது எங்கே பயந்தேன் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். யாரும் சொல்லாமல் இதைச் செய்கிற பிள்ளையை வேறு பக்கம் இழுக்காதீர்கள்.

செலவுக்கு வழி யு.ஜி.சி. நெட் என்ற தேசிய அளவிலான தகுதித் தேர்வு. அவள் படிக்கும் ஆங்கிலப் பாடத்திலேயே எழுதலாம், கடைசி வருடத்திலேயே விண்ணப்பிக்கலாம். 3 மணி நேரம், 150 கேள்வி, தப்பான விடைக்கு மதிப்பெண் குறையாது. அதில் நல்ல மதிப்பெண் எடுத்து ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து, பிஎச்.டி. சேர்ந்தால் முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வாடகைப்படி தனி. வயது வரம்பு 30, பெண்களுக்கு 5 வருடத் தளர்வு உண்டு. அதனால் முதல் தடவை வராவிட்டால் குடி முழுகிவிடாது. உதவித்தொகை சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும், கொஞ்சம் கையிருப்பு இருக்கட்டும்.

உனக்கும் சொல்கிறேன் பாப்பா. ஜே.ஆர்.எஃப். இல்லாமல் அப்பா பணத்தில் பிஎச்.டி. சேராதே, ஒரு வேலையில் இருந்துகொண்டே மறுபடி எழுது. லட்சக்கணக்கில் கேட்கும் கேம் டிசைன் டிப்ளமோவும் வேண்டாம். அது கேம் செய்யப் பழக்கும், உன் கேள்விக்குப் பதில் தராது. விலை உயர்ந்த கேமிங் கம்ப்யூட்டரும் இப்போது தேவையில்லை, நீ ஆராய நினைப்பது போனில் ஆடும் கேம்களைத்தான். பண்பாட்டு ஆய்வு செய்யும் ஆங்கிலப் பேராசிரியர்களுக்கு இரண்டு பக்கத்தில் உன் கேள்வியை எழுதி அனுப்பு. இந்தத் தலைப்பை ஏற்பார்களா என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிடு.

அம்மா, சீட் வேண்டாம் என்று உங்கள் தம்பியிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். முன்பணம் கட்டியிருந்தால் ரசீதை வைத்து, திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.