முதல் மடக்கை ஊற்றியது யார்?

குடிநோய் ஆலோசனை என் வேலை. வருபவர்களில் பலர் கிராமத்துப் பிள்ளைகள். கேளுங்கள், மருந்து மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: மகனுக்கு வயது 15. சேர்க்கை சரியில்லை, குடிக்கிறான். எப்படிப் பிரிப்பது?

பதில்: அந்தச் சேர்க்கையின் பெற்றோர் உங்கள் மகனைத்தான் கைகாட்டுவார்கள்! முதல் மடக்கு எங்கே என்று கேட்டால் பலரும் வீட்டைத்தான் சொல்கிறார்கள். "அப்பா குடித்த டம்ளரைக் கழுவப் போனேன், அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது" என்றான் ஒருவன். டம்ளர் எடுத்து வரச் சொல்லிப் பிள்ளையை ஏவுவதை முதலில் நிறுத்துங்கள். சின்ன ஊரில் அவன் வயதுக்கு இருப்பதே நாலைந்து பேர். பிரித்தால், வயதில் மூத்த கூட்டத்தோடு போய்ச் சேருவான். அதைவிட அந்த நாலு வீட்டுப் பெற்றோரும் ஒன்றாக உட்கார்ந்து, இரவு எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று ஒரே பேச்சாக முடிவு செய்யுங்கள். ஐஸ்லாந்தில் பெற்றோர் இப்படிக் கூடி ஒப்பந்தமே போட்டார்கள். விளையாட்டு வசதிகளும் கூடின. அங்கே 15, 16 வயதினரில் முந்தைய மாதம் போதை ஏறக் குடித்தவர்கள் 1998இல் 42 சதவீதம், 2016இல் 5.

கேள்வி: திருட்டுத்தனமாகக் குடிப்பதைவிட, என் கண்முன் கொஞ்சம் கொடுத்துப் பழக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 1,900க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பெற்றோர் ஊற்றிக்கொடுத்ததால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் வெளியிலும் வாங்கிக் குடிப்பதுதான் கூடியது.

கேள்வி: ஐரோப்பாவில் வீட்டிலேயே கொடுக்கிறார்களே?

பதில்: உலகிலேயே தலைக்கு அதிகம் குடிப்பதும் அந்தப் பகுதிதான்.

கேள்வி: சும்மா பயமுறுத்தாதீர்கள். 14 வயதில் தொடங்கினேன், நன்றாகத்தான் இருக்கிறேன்.

பதில்: சந்தோஷம். ஆனால் நன்றாக இல்லாதவர் இங்கே வந்து எழுத மாட்டார். 1997இல் வந்த அமெரிக்க ஆய்வில், 15 வயதுக்குள் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20க்கு மேல் தொடங்கியவர்களில் அது 10 சதவீதம்தான்.

கேள்வி: மகனுக்கு பீர் மட்டும் கொடுக்கலாமா?

பதில்: கண்முன் கொடுப்பது பற்றி மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எனக்குக் கல்லீரலில் கொழுப்பு. என்ன செய்ய?

பதில்: மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 17. எல்லாரும் குடிக்கிறார்கள், வேண்டாம் என்றால் கிண்டல்.

பதில்: "எல்லாரும்" என்றால் எத்தனை பேர், விரல் விட்டு எண்ணிப் பார் தம்பி. இந்த வயதில் அந்தக் கணக்கு எப்போதும் கூடித்தான் தெரியும். அப்புறம், வாங்கிவிட்டுக் குடிக்காமல் வைத்திருக்கும் இன்னொருவனைத் தேடு. கட்டாயம் ஒருவன் இருப்பான். அவன் பக்கத்தில் போய் உட்கார். 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் செய்த சோதனைகளில், தன் பக்கம் ஒரே ஒருவர் நின்றால் போதும், கூட்டத்துக்குப் பணிவது வெகுவாகக் குறைந்தது.

கேள்வி: ஒயின் பரவாயில்லையா?

பதில்: இன்றைக்கு இவ்வளவுதான்.